சம்பள ஏற்றத்துக்கு ஒரு முதுமாணி

எமது ஊர்ச் சந்திகளில் கட்டப்படும் பதாதைகளை மாத்திரம் பார்த்து ஒருவன் கணக்கெடுத்தால், இலங்கை முஸ்லிம் சமூகம் அறிவாராய்ச்சியின் உச்சியில் நிற்கிறது என்றே முடிவுகட்டுவான். 'முதுமாணிப் பட்டம் பெற்ற எமது மண்ணின் மைந்தனை வாழ்த்துகிறோம்' என்று பள்ளிவாசல் மதிலிலும் மின்கம்பத்திலும் எழுத்துகள் மின்னுகின்றன. கறுப்பு அங்கியும் தொப்பியும் அணிந்த படம். கீழே வாழ்த்துவோரின் பெயர் வரிசை. அதில் பாதிப்பேர் அடுத்த பிரதேச சபைத் தேர்தலுக்கு ஆயத்தமாகிறவர்கள். எல்லாம் இருக்கும், ஒன்று மட்டும் இருக்காது. அந்த மைந்தன் எதை ஆராய்ந்தான், என்ன கண்டான் என்ற ஒரு வரி இருக்காது. பதாதை எழுதியவருக்கு அது தெரியாது. வாசிப்பவருக்குத் தேவையில்லை. பட்டம் பெற்றவரே ஓராண்டு கழிந்தால் ஆய்வேட்டின் தலைப்பை முழுமையாகச் சொல்லத் தடுமாறுவார்.

பட்டப்பின்படிப்பு என்பது எம்மிடையே சம்பளப் படிவத்தோடு இணைக்கப்படும் ஓர் இணைப்பாகிவிட்டது என்பதே இக்கட்டுரையின் குற்றச்சாட்டு. பதவியுயர்வுக்கு ஒரு புள்ளி, நேர்முகப் பரீட்சைக்கு ஒரு புள்ளி, கல்யாணப் பேச்சுக்கு ஒரு புள்ளி. இதற்காகப் படிப்பவனைத் தனியாகப் பிடித்து வைத்து ஏசுவதில் பயனில்லை. அவனை அப்படிப் படிக்கச் செய்த பல்கலைக்கழகமும், அப்படிப் படித்தாலே போதும் என்று கைதட்டும் சமூகமும், இதைக் கண்டும் காணாதிருக்கும் எழுத்தாளர்களாகிய நாமும் முதலில் கூண்டில் ஏறவேண்டியவர்கள்.

ஆசிரிய கலாசாலையில் பயிற்சி பெற்றுக் கிராமத்துப் பாடசாலையொன்றில் கற்பிக்கும் ஒரு வாத்தியாருக்குப் பட்டப்பின்படிப்பைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை இருக்கிறது என்று கேட்பவர்கள் கேட்கலாம். யோக்கியதை இருக்கிறது. இந்த நாட்டில் கல்வி பற்றி எழுதப்படும் ஆய்வேடுகளில் பெரும்பகுதி எமது மேசைகளின் மீதுதான் பிறக்கிறது.

வினாக்கொத்து வரும், முடிவு வராது

தவணைக்குத் தவணை எமது பாடசாலைக்கு வினாக்கொத்துகள் வருகின்றன. 'கிராமப்புற மாணவரின் கணித அடைவில் செல்வாக்குச் செலுத்தும் காரணிகள்', 'பாடசாலை இடைவிலகலுக்கான காரணங்கள்', 'பெற்றோரின் பொருளாதார நிலையும் மாணவர் அடைவும்'. வலயத்தின் பெயரையும் ஆண்டையும் மாற்றினால் போதும், தலைப்பு புதிதாகிவிடும். ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணிட்ட கட்டங்கள். 'மிகவும் உடன்படுகிறேன், உடன்படுகிறேன், கருத்தில்லை...' இடைவேளை மணிக்கும் அடுத்த பாடத்துக்கும் இடையில் ஆசிரியர்கள் கண்ணை மூடிக்கொண்டு புள்ளடி போடுகிறார்கள். சிலவேளை ஆய்வாளர் நேரில் வருவதும் இல்லை. பழக்கமான ஆசிரியர் ஒருவரிடம் கட்டாகக் கொடுத்தனுப்பிவிட்டு மறுகிழமை கட்டாகவே வாங்கிக்கொள்கிறார்.

இத்தனை வருட சேவையில் நான் நிரப்பிக்கொடுத்த வினாக்கொத்துகளுக்குக் கணக்கில்லை. முடிவைக் கொண்டுவந்து, "சேர், உங்கள் பிள்ளைகள் கணிதத்தில் பின்நிற்பதற்கு இதுதான் காரணம், இப்படிச் செய்து பாருங்கள்" என்று சொன்ன ஆய்வாளர் ஒருவரும் இல்லை. எமது மாணவர் பின்நிற்பதற்கான காரணிகளைப் பலர் பல தடவை கண்டுபிடித்துப் பட்டமும் வாங்கிவிட்டார்கள். மாணவர் இன்னும் பின்நிற்கிறார்கள்.

இதற்கு அடுத்த படியும் இருக்கிறது. நகரங்களில் தட்டச்சுக் கடைகள் ஆய்வேட்டுக் கடைகளாக மாறிவிட்ட கதை யாவரும் அறிந்தது. தட்டச்சு, பைண்டிங், 'கொஞ்சம் திருத்தம்' என்று தொடங்கும் வியாபாரம் முழு ஆய்வேட்டையும் எழுதிக்கொடுப்பதில் போய் நிற்கிறது. இப்போது அந்தக் கடைக்காரரின் பிழைப்பிலும் மண் விழுந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் கேட்ட மாத்திரத்தில் அத்தியாயங்களைக் கொட்டுகின்றன. கேட்பவனுக்கும் உழைப்பில்லை, வாசிப்பவருக்கும் நேரமில்லை. வாசிக்கப்படாத ஆய்வேட்டை எழுதாமலே சமர்ப்பிக்கும் காலத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறோம்.

சனி ஞாயிறு மாணவன்

ஏன் இப்படி ஆயிற்று? பட்டப்பின்படிப்பு மாணவனின் வளாக வாழ்க்கை எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்தால் விடை கிடைக்கும். அவனுக்கு அப்படியொரு வாழ்க்கையே கிடையாது.

இளமாணிப் பட்டத்துக்குத் தெரிவாகும் பிள்ளைக்கு, எத்தனை குறைகள் இருந்தாலும், ஓர் உலகம் காத்திருக்கிறது. விடுதி இருக்கிறது. மஹாபொல இருக்கிறது, இல்லாவிட்டால் உதவுதொகை இருக்கிறது. சங்கங்கள், விழாக்கள், சுவர்ப்பத்திரிகைகள், மர நிழல் விவாதங்கள் இருக்கின்றன. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்த பின்னும் சாகாத பகிடிவதை என்ற சாபமும் கூடவே இருக்கிறது. அந்தப் பிள்ளை பட்டம் பெற்று, இனித்தான் ஆழமாகப் படிக்கவேண்டும் என்ற நிலைக்கு வரும்போது அத்தனை கதவுகளும் மூடப்படுகின்றன. மஹாபொல முடிந்துவிட்டது. விடுதியில் இடமில்லை. மனிதப்பண்பியல், சமூக விஞ்ஞானத் துறைகளில் கட்டணம் முழுவதையும் கையிலிருந்து கட்டவேண்டும். இலவசக் கல்வி பட்டத்தோடு விடைபெற்றுக்கொள்கிறது.

ஆகவே அவன் ஒரு தொழிலில் இருந்துகொண்டுதான் படிக்க வேண்டும். கல்முனையிலிருந்தோ அக்கரைப்பற்றிலிருந்தோ வெள்ளி இரவு பஸ் ஏறுகிறான். சனிக்கிழமை விடிய பேராதனையிலோ கொழும்பிலோ இறங்கி, பள்ளிவாசல் ஹவுழில் முகம் கழுவி, விரிவுரைக்குப் போகிறான். இரவில் யாரோ ஒரு சிநேகிதனின் அறையில் பாய் விரிப்பு. ஞாயிறு பின்னேரம் விரிவுரை முடிந்ததும் பஸ். திங்கட்கிழமை காலை கரும்பலகைக்கு முன்னால் நிற்கிறான். இதில் நூலகத்துக்குப் போவது எப்போது? மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து ஒரு அத்தியாயத்தை வரிவரியாக விவாதிப்பது எப்போது? ஒரு நூலைத் தேடிப்போய் அதனருகில் இருந்த வேறொரு நூலைக் கண்டு, ஆய்வின் போக்கையே மாற்றிக்கொள்ளும் பாக்கியம் எப்போது?

2012இல் வெளிவந்த இலங்கைத் தகைமைகள் சட்டகம் முதுமாணியை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. பாடநெறியை மாத்திரம் கொண்ட, 30 திறமைச் சித்திகள் பெறுமதியான ஒன்பதாம் மட்டம் ஒன்று. ஆய்வையும் உள்ளடக்கிய, 60 திறமைச் சித்திகள் பெறுமதியான பத்தாம் மட்டம் மற்றொன்று. அதற்கு மேலேதான் முதுதத்துவமாணியும் கலாநிதிப் பட்டமும். பஸ்ஸில் தூங்கி எழும்பும் மனிதன் இவற்றில் எதைத் தெரிவுசெய்வான் என்று சொல்லவேண்டியதில்லை. பத்தாம் மட்டத்துக்குப் போகிறவனும், கைக்கெட்டிய தூரத்திலுள்ள பாடசாலைக்கு வினாக்கொத்தைக் கொடுத்தனுப்புகிறான். அவனிடம் இருப்பது அவ்வளவு நேரம்தான்.

இந்த மாணவனைப் பார்த்து 'அந்தக் காலத்தில் உழைத்தார்கள், இந்தக் காலத்தில் சோம்பேறிகள்' என்று சொல்வது மூத்தவர்கள் சிலரின் வாடிக்கை. அது அநியாயம். பேராதனை 1952இல் தொடங்கும்போதே வதிவிடப் பல்கலைக்கழகமாகத் திட்டமிடப்பட்டது. படிப்பு விரிவுரை மண்டபத்தோடு முடிவதில்லை, ஆசிரியரும் மாணவரும் ஓரிடத்தில் வாழ்வதில்தான் அது முழுமை பெறுகிறது என்பது அதன் முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸின் நம்பிக்கை. கைலாசபதியும் சிவத்தம்பியும் பேர்மிங்ஹாமில் ஜோர்ஜ் தொம்சன் என்ற ஆசானின் கீழ் தமது ஆய்வுகளைச் செய்தார்கள். கைலாசபதியின் ஆய்வு 1968இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக வந்தது. அவர்களின் மேதைமையை நான் குறைக்கவில்லை. அந்த மேதைமைக்கு ஒரு மேசையும் ஒரு விளக்கும் ஓர் ஆசானும் தொடர்ச்சியான சில ஆண்டுகளும் கிடைத்தன என்கிறேன். இன்று அவர்களே பிறந்துவந்து கிழக்கில் ஆசிரிய நியமனம் பெற்றால், வெள்ளி இரவு பஸ்ஸில்தான் ஏறுவார்கள்.

ஒரு முதுமாணி ஆய்வு என்ன செய்யும்?

முதுமாணி ஆய்வுதானே, அதில் என்ன பெரிதாகச் சாதிக்க முடியும் என்று கேட்பவர்களுக்கு எமது சமூகத்திலேயே பதில் இருக்கிறது. பாணந்துறையைச் சேர்ந்த ம.மு. உவைஸ் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமது முதுமாணிப் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள், தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்களின் பங்களிப்பு. அது 1953இல் ஆங்கில நூலாக வந்தது. அதுவரை சீறாப்புராணத்தோடு முடித்துக்கொள்ளப்பட்ட ஒரு விடயம், தனியான ஆய்வுத்துறையாக எழுந்து நின்றது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழிலக்கியத்துக்கென ஒரு பேராசிரியர் இருக்கை உருவானபோது அதில் அமர்ந்தவர் இலங்கைக்காரரான அவர்தான். அஜ்மல்கானோடு சேர்ந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதியவரும் அவர்தான். இவை எல்லாவற்றுக்கும் வித்து ஒரு முதுமாணி ஆய்வேடு.

அந்த வித்துக்குப் பிறகு எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. 1990இல் கிழக்கு பற்றியெரிந்த நாட்களில், வந்தாறுமூலைக்குப் போய்ப் படிக்க முடியாமல் எமது மாணவர் தவித்த தவிப்பின் பிறகு, எம்.எச்.எம். அஷ்ரஃபின் முயற்சியால் 1995 ஒக்டோபரில் அட்டாளைச்சேனையில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி உதித்தது. அடுத்த ஆண்டே அது தென்கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்து, ஒலுவில் கடற்கரையோரம் வளர்ந்தது. காயத்திலிருந்து பிறந்த பல்கலைக்கழகம் அது. இன்று அதற்கு மூன்று தசாப்த வயது. அங்கே கலை, இஸ்லாமிய கற்கை, முகாமைத்துவம், விஞ்ஞானம், பொறியியல், தொழில்நுட்பம் எனப் பீடங்கள் எழுந்திருக்கின்றன. எமது பிள்ளைகள் ஆயிரமாயிரமாகப் பட்டம் பெற்று வெளியேறியிருக்கிறார்கள். நான் அவமதிப்பதற்காகக் கேட்கவில்லை, உரிமையோடு கேட்கிறேன்: அங்கிருந்தும் நாட்டின் ஏனைய பல்கலைக்கழகங்களிலிருந்தும் பட்டப்பின்படிப்பு முடித்து வந்த எமது பிள்ளைகளில் எத்தனை பேரின் ஆய்வேடு நூலாகி எமது கைக்கு வந்திருக்கிறது? ஓரிரண்டு வந்திருக்கின்றன, அவற்றை எழுதியவர்களுக்கு நன்றி. மற்றவை எங்கே?

ஆராய விடயமில்லை என்று சொல்ல முடியுமா? எமது வீடுகளின் பரண்களில் அரபுத்தமிழ் ஏடுகள் செல்லரித்துக் கிடக்கின்றன. அவற்றைத் தடையின்றி வாசிக்கக்கூடிய முதியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களாகிவிட்டார்கள். கிழக்கின் முஸ்லிம் பெண்கள் நாற்று நடும்போதும் பிள்ளை உறங்கும்போதும் பாடிய கவிகள், அவர்களோடு மையவாடிக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. சூடடிக்கும் களவெட்டியில் மாத்திரம் பேசப்பட்ட ஒரு சொற்றொகுதி இருந்தது. அறுவடை இயந்திரம் வந்து களவெட்டியையே இல்லாமலாக்கிவிட்டது; அந்தச் சொற்களை யார் எழுதி வைத்தார்கள்? பொல்லடி அண்ணாவிமார், பக்கீர்மார், ஊருக்கு ஊர் மாறும் குடிவழமைகள், 1882இல் சித்திலெப்பை தொடங்கிய 'முஸ்லிம் நேசன்' முதல் எமது சிற்றிதழ்கள் வரையான பத்திரிகை வரலாறு என்று பட்டியல் நீளும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களின் முதல் தலைமுறை புத்தளத்தில் மறைந்துகொண்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோன கரையோரக் கிராமங்களில் எந்த வீதியில் எந்தக் குடும்பம் இருந்தது என்பதைச் சொல்லக்கூடியவர்களும் மறைந்துகொண்டிருக்கிறார்கள்.

இவற்றுக்கெல்லாம் அடுத்த நூற்றாண்டில் ஆய்வாளர் வரலாம். ஆனால் சாட்சி இருக்காது. 'கணித அடைவில் செல்வாக்குச் செலுத்தும் காரணிகள்' பத்தாண்டு கழித்தும் இருக்கும். என் கிராமத்தில் நூறு கவிகளுக்கு மேல் மனப்பாடமாக வைத்திருந்த ஒரு மூதாட்டி மவுத்தாகிச் சில வருடங்களாகின்றன. அவர் வீட்டுக்குப் பக்கத்துப் பாடசாலைக்கு வினாக்கொத்தோடு வந்துபோன ஆய்வாளர்களில் ஒருவர்கூட அந்தப் படலையைத் திறக்கவில்லை.

வீடு கட்டிக்கொடுப்போம், படிக்க அனுப்பமாட்டோம்

இந்தப் பிரச்சினையின் நடுநெஞ்சில் இருப்பது எமது பெண்பிள்ளைகளின் விடயம். கலைப்பீடங்களில் இன்று பெரும்பான்மையினர் பெண்பிள்ளைகள்தான். விசேட பட்டத்தில் முதலாம் வகுப்பில் சித்தியடைபவர்களிலும் அவர்கள் முன்னிற்கிறார்கள். திறமையின்படி பார்த்தால் எமது அடுத்த தலைமுறை ஆய்வாளர்களில் அதிகம்பேர் பெண்களாக இருக்கவேண்டும். இருக்கிறார்களா?

என்னிடம் படித்த ஒரு பிள்ளை. ஏழாம் வகுப்பிலேயே தன் உம்மம்மாவின் தாலாட்டுகளைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்து காட்டியவள். பல்கலைக்கழகம் போய்த் தமிழில் நல்ல சித்தி பெற்றாள். முதுதத்துவமாணிக்குப் பதிந்தாள், பெண்களின் வாய்மொழிப் பாடல்கள்தான் பொருள். மாதத்தில் சில நாட்கள் தூர இடம் போய்த் தங்கி நூலகத்தில் வேலை செய்ய வேண்டியிருந்தது. தங்குவதற்குப் பாதுகாப்பான இடமில்லை. வாப்பா இரண்டு தடவை கூடவே போய் வளாக வாசலில் நாள் முழுக்கக் காத்திருந்தார். மூன்றாம் தடவை அவருக்கு உடல்நலமில்லை. பிறகு கல்யாணம் வந்தது. "இனி என்னத்துக்கு மக்காள் படிப்பு?" என்று குடும்பத்தார் கேட்டார்கள். பதிவு காலாவதியாயிற்று. இந்தக் கதையில் வில்லன் எவருமில்லை என்பதுதான் கொடுமை. எல்லாரும் நல்லவர்கள். பாடல்கள் மட்டும் பதிவாகவில்லை.

கிழக்கிலே ஒரு வாப்பா மகளுக்குச் சீதன வீடு கட்டுவதற்காகத் தன் ஆயுளில் பாதியைக் கொடுக்கிறார். வெளிநாட்டு வெயிலில் கருகுகிறார். வட்டைக் காணியை விற்கிறார். அந்த வீட்டின் முன்மண்டபத்துக்குப் பதிக்கும் மாபிள் கல்லின் செலவு, அந்த மகள் இரண்டாண்டு முழுநேரமாக ஆய்வு செய்யப் போதுமானது. மாப்பிள்ளை வீட்டார் மாபிளைப் பார்க்கிறார்கள். பட்டத்தையும் பார்க்கிறார்கள், நியமனக் கடிதத்தோடு வரும் பட்டத்தை மாத்திரம். சீதனத்துக்கும் கைக்கூலிக்கும் எதிராக எத்தனையோ கவிதைகள் எழுதிவிட்டோம். சீதனம் ஒரு பெண்ணின் வாழ்வைத் தின்பது மட்டுமல்லாமல் அவளது ஆய்வையும் தின்கிறது என்று எவராவது எழுதினோமா?

காசு இல்லையா?

இதற்கெல்லாம் காசுக்கு எங்கே போவது என்ற கேள்வி உடனே எழும். 2022இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு இக்கேள்வியை எள்ளி நகையாட முடியாதுதான். விரிவுரையாளர்களே கூட்டம் கூட்டமாக நாட்டைவிட்டுப் போன காலத்தை நாம் கண்டோம். எஞ்சியவர்கள் மேற்பார்வைச் சுமையால் வளைந்துபோயிருக்கிறார்கள். ஆசிரியனின் சம்பளம் அரிசிக்கும் பால்மாவுக்கும் போகிறது. கற்கை விடுமுறை கேட்டால் பதில் ஆசிரியர் இல்லை என்கிறார்கள். இவை மெய்.

ஆனால் சமூகத்திடம் காசு இல்லை என்பது மெய்யல்ல. எமது ஊர்களில் நல்ல நிலையிலிருந்த பள்ளிவாசல்களை உடைத்துப் பெரிதாகக் கட்டுகிறோம். இரண்டு மினாரா போதாதென்று நான்கு எழுப்புகிறோம். வருடாவருடம் உம்ராவுக்குப் போகும் தனவந்தர்கள் இருக்கிறார்கள், அல்லாஹ் ஏற்றுக்கொள்ளட்டும். ஓர் ஆய்வு மாணவனின் இரண்டாண்டுச் செலவை ஏற்ற தனவந்தர் ஒருவரையாவது எமது ஊரில் காட்டமுடியுமா?

இது எமது மரபில் இல்லாத காரியமா? பக்தாதின் நிழாமிய்யா வக்ஃபு வருமானத்தில் நடந்தது. அதில் மாணவனுக்குத் தங்க இடமும் உதவுதொகையும் இருந்தன. 1091இல் இமாம் கஸ்ஸாலி அங்கே கற்பிக்கப் போனபோது அவர் முன் உட்கார்ந்திருந்தவர்கள் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கவில்லை. ஆயிரம் ஆண்டுப் பழங்கதை என்று தள்ளுகிறவர்கள் எமது நாட்டுக்கே வரட்டும். ஏ.எம்.ஏ. அஸீஸ் வரலாற்றில் பட்டப்பின்படிப்புக்காகக் கேம்பிரிட்ஜ் போய், சிவில் சேவைக்குத் தெரிவானதால் அதை நிறுத்திவிட்டுத் திரும்பியவர். 1942இல் கல்முனைக்கு உத்தியோகத்தராக வந்து எமது மக்களின் கல்வி நிலையை நேரில் கண்டவர். 1945இல் முஸ்லிம் மாணவர்களுக்கென ஒரு புலமைப்பரிசில் நிதியத்தைத் தாபித்தார். அன்றிருந்த சமூகம் இன்றைய சமூகத்தைவிட வசதி குறைந்தது. அன்று ஒரு பிள்ளையைப் பட்டதாரியாக்குவது கனவு. அந்தக் கனவுக்கு நிதி பிறந்தது. இன்று பட்டதாரி ஆவது பரவலாகிவிட்டது. ஆய்வாளனை உருவாக்கும் அடுத்த கனவைக் காண எமக்கு மனமில்லை.

வாய்ப்புகள் வெளியிலும் இருக்கின்றன. இந்திய அரசு இலங்கை மாணவருக்கு வழங்கும் புலமைப்பரிசில்களில் பட்டப்பின்படிப்புக்கென்றே மௌலானா ஆசாத் பெயரில் ஒன்றிருக்கிறது. பொதுநலவாயம், புல்பிரைட், செவனிங் என்று பெயர்கள் தொடரும். ஆங்கிலம் தெரியாததால் இவற்றைக் கைவிடுகிறோம் என்பது பாதி உண்மை. தமிழ்நாட்டின் பல்கலைக்கழகங்களில் தமிழிலேயே ஆய்வு செய்யலாமே! எம்.ஏ. நுஃமான் அண்ணாமலைக்குப் போய் மொழியியலில் ஆய்வு செய்து திரும்பியவர். மறுபாதி உண்மை என்னவென்றால், இந்த அறிவித்தல்கள் எமது கிராமங்களுக்கு வந்து சேரும்போது விண்ணப்ப முடிவுத் திகதி கடந்திருக்கும். அரசியல்வாதியின் கையால் கொடுக்கப்படும் சிற்றூழியர் நியமனச் செய்தி மட்டும் ஒருநாளும் பிந்தி வருவதில்லை.

எழுத்தாளர்களும் கூண்டில்

இறுதியாக எம்மைப் பற்றி. இலக்கியக்காரர்களாகிய நாம் பல்கலைக்கழகத்தாரைக் கிண்டல் செய்வதில் சூரர்கள். அடிக்குறிப்புக்காரர், படைப்பறியாதவர் என்று எழுதுவோம். ஆனால் விழா மேடையில் 'கலாநிதி' என்று யாராவது எம்மை அழைக்கமாட்டார்களா என்ற ஏக்கம் அடிமனதில் கிடக்கிறது. இல்லாவிட்டால், பணம் கட்டினால் கௌரவ கலாநிதிப் பட்டமும் பொன்னாடையும் விருதும் சேர்த்துத் தரும் அமைப்புகள் எப்படி வியாபாரம் செய்கின்றன? வாங்குகிறவர்களில் எழுத்தாளர்கள் இல்லையா? உழைத்துப் பெற்ற பட்டத்தையும் விலைக்கு வாங்கிய பட்டத்தையும் ஒரே பொன்னாடையால் மூடும் சமூகத்தில், உழைக்கப் புறப்படும் இளைஞனுக்கு நாம் சொல்லும் செய்தி என்ன?

எமது கடமைகள் பெரிய செலவில்லாதவை. முஸ்லிம் எழுத்தாளர் பற்றியும் முஸ்லிம் வாழ்வு பற்றியும் சமர்ப்பிக்கப்பட்ட ஆய்வேடுகளின் பட்டியலொன்றை எமது சஞ்சிகைகள் இதழுக்கு இதழ் வெளியிடலாம். நல்லதொன்றைக் கண்டால் அதன் ஓர் அத்தியாயத்தை எளிமைப்படுத்திப் பிரசுரிக்கலாம். மோசமானதைக் கண்டால், கவிதைத் தொகுதியை விமர்சிப்பதுபோல் அதையும் விமர்சிக்கலாம். ஆய்வேடு விமர்சனத்துக்கு உட்படும் என்று தெரிந்தால் தட்டச்சுக் கடைக்காரர் கொஞ்சம் பயப்படுவார். 2005 முதல் இணையத்தில் ஈழத்து நூல்களைச் சேகரித்துவரும் நூலகம் திட்டத்துக்கு எமது வீட்டுப் பழைய சஞ்சிகைகளையும் ஏடுகளையும் கொடுக்கலாம். பஸ்ஸில் போகும் மாணவன் தன் கைத்தொலைபேசியில் அவற்றை வாசிப்பான். எழுத்தாளர் வீடுகளில் கடிதங்களும் கையெழுத்துப் பிரதிகளும் கரையானுக்குப் போகுமுன் வாரிசுகளிடம் பேசலாம்.

பல்கலைக்கழகங்களிடம் கேட்கவேண்டியதும் நியாயமானதே. ஆய்வேடுகளை அலுமாரியில் பூட்டாமல் எல்லாரும் வாசிக்க வெளியில் விடுங்கள். தூர இடத்து ஆய்வு மாணவருக்கு, முதலில் பெண்களுக்கு, விடுதியில் சில அறைகளை ஒதுக்குங்கள். வார இறுதியில் நூலகத்தை நீண்டநேரம் திறந்து வையுங்கள். ஆயிரம் பேருக்குப் பாடநெறி நடத்தி வருமானம் தேடுங்கள், குற்றமில்லை. அந்த வருமானத்தில் பத்துப் பேரையாவது முழுநேர ஆய்வாளராக வைத்துப் பராமரியுங்கள். வினாக்கொத்தோடு பாடசாலைக்கு வருபவர், முடிவோடு ஒருமுறை திரும்பி வந்ததற்கு அதிபரின் கையொப்பம் இல்லாவிட்டால் ஆய்வேட்டை ஏற்காதீர்கள்.

பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஊர்ச் சங்கங்களும் ஒரு காரியம் செய்யட்டும். ஊருக்கு ஒருவர், இரண்டாண்டுக்கு ஒருவர். அவரது தங்குமிடம், பயணம், கட்டணம் ஊரின் பொறுப்பு. ஒரே நிபந்தனை: ஆய்வு முடிந்ததும் ஊரைக் கூட்டி, என்ன கண்டேன் என்று ஊருக்கு விளங்கும் தமிழில் அவர் சொல்லவேண்டும். கிழக்கிலும் புத்தளத்திலும் மலையகத்திலும் தென்மாகாணத்திலுமாக இருபது ஊர்கள் இதைச் செய்தால், பத்தாண்டில் நூறு ஆய்வாளர்கள். இதற்கு நான்காவது மினாராவுக்கான செலவே தாராளமாகப் போதும்.

அதன் பிறகு சந்தியில் பதாதை கட்டுவோம், நானும் கயிறு பிடிக்க வருகிறேன். ஆனால் அதில் படத்தைச் சின்னதாகப் போட்டு, ஆய்வின் தலைப்பைப் பெரிதாக எழுதவேண்டும்.